முப்பது மணிக்காரி என்று பேர் வாங்கிய மதினிக்கு

என் பிரியமுள்ள ஞானப்பூ மதினிக்கு,

உங்கள் புருஷன் உயிரோடு வந்துவிட்டார். முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும், இல்லையா? சண்டை முடிந்து, பட்டாளத்தைக் கலைத்து, ஐந்து வருஷம் கழித்து அண்ணன் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தார். ராஜபாளையத்துக்கு டிக்கெட் வாங்கியவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கி, உங்கள் அம்மா ஊரான வன்னியம்பட்டிக்கு நடந்தே போய், உங்கள் கல்லறையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். கால்சட்டை முழங்காலில் மண் ஒட்டியிருந்தது.

ரோசு அவரைப் பார்த்ததும் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் போகும்போது உங்கள் மகளுக்கு நாலு வயசு. இப்போது ஒன்பது. யாரோ ஒரு பட்டாளத்துக்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ.

தண்ணீர்கூடக் கேட்கவில்லை அண்ணன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "ஏட்டி பாக்கியம், காய்ச்சல்ல போனான்னுதான நீ எழுதியிருந்த? வன்னியம்பட்டியில அவ ஆத்தா வேற சொல்லுதா. மில்லுல இருந்து வெளிய தள்ளிட்டாகளாம். அதுல நொந்துதான் போனாளாம். யாரு தள்ளுனா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை, மதினி. நம் வளவு சொன்னது. எட்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் நின்றுகொண்டு அவர் அவ்வளவு சத்தமாகக் கேட்டால் வளவு சும்மா இருக்குமா? "வேற யாரு, அந்தக் கெங்கம்மாதான். ஒம் பொண்டாட்டி லீவு போட்ட அன்னைக்கு, தனியா மிஷின வேகமா ஓட்டிக் காமிச்சு, இவ ஓசியில நிக்கான்னு ஆபீசுக்குத் தெரிய வச்சா. கூடவே நின்ன கூட்டாளி செய்யுத வேலையா அது?"

மறுநாள் சாயங்காலம் அண்ணன் கெங்கம்மா வீட்டு வாசலில் போய் நின்றார். என்னென்ன வார்த்தை! ரோசுவின் காதைப் பொத்த எனக்குக் கை போதவில்லை. கெங்கம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி, அண்ணனைத் தாண்டி, என்னைப் பார்த்தாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வளவில் எல்லாரையும் கூட்டி வைத்து இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்கப்போகிறேன். அண்ணன் இருப்பார், ரோசு இருப்பாள், மில்லில் ரீலிங்கில் நிற்கிற பெண்கள் இருப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாதது என்று ஏதாவது இருக்கிறதா என்று இப்போது எனக்கே சந்தேகம்.

உங்களை வெளியே தள்ளியது நான். கெங்கம்மா இல்லை. நான்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய போர்டிங்கில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது என் தலைக்கனம் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. "எங்க வீட்டுத் துரைசாணி வந்துட்டா, நாற்காலி கொண்டாங்க" என்று கேலி செய்வீர்கள். எனக்குப் பிடித்த பாடம் கணக்கு. அதிலும் 'வேலையும் காலமும்' என்றால் உயிர். இராமன் ஒரு வேலையை ஆறு நாளில் முடிப்பான், கிருஷ்ணன் அதையே மூன்று நாளில் முடிப்பான், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? வகுப்பில் மற்றவர்கள் ஆறையும் மூன்றையும் கூட்டி ஒன்பது என்பார்கள். நான் சிரிப்பேன். ஒரு நாளில் இவன் எத்தனை பங்கு, அவன் எத்தனை பங்கு என்று பிரித்துக் கூட்டினால் விடை தானாக வந்து நிற்கும். இரண்டே நாள்.

அந்த இராமனுக்கும் கிருஷ்ணனுக்கும் ஒரு நாளும் இருமல் வராது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போகமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவன் வந்து ஒரு கை பிடிக்கமாட்டான். தினமும் அதே வேகம், அதே பங்கு. இதை எந்தச் சிஸ்டரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அண்ணனோடு மில் ஆபீஸ் பையன்களும் போனார்கள். சீட்டைப் பார்த்துப் பேரேட்டில் எழுத ஆள் இல்லை. நீங்கள்தான் மேஸ்திரியிடம் போய் நின்றீர்கள். "எங்க பாக்கியம் கணக்குல புலி, அய்யா. ஒரு தடவை உக்கார வச்சுப் பாருங்க." அந்த மில்லில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான். நீங்கள் வாங்கிக்கொடுத்த நாற்காலி, மதினி. அதில் உட்கார்ந்துகொண்டுதான் நான் அதைச் செய்தேன்.

ரீலிங் என்றால் வெளியாருக்குத் தெரியாது. மில்லில் நூற்ற நூலைத் தறிக்காரர்களுக்குச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கொடுக்கிற இடம். பூராவும் பெண்கள். அப்போதெல்லாம் ஒரு மிஷினுக்கு இரண்டு பேர், ஜோடி. நூல் சுற்றிய பாபின்கள் நிறைந்த பெட்டி ஒன்றைக் கொடுப்பார்கள். இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, நிறைந்த சிட்டத்தைக் கழற்றி, பெட்டி காலியானால் சீட்டில் ஒரு கோடு. அந்தக் கோடு ஜோடிக்குத்தான். ஆளுக்கு இல்லை. ஏழாம் நம்பர் மிஷினில் நீங்களும் கெங்கம்மாவும் ஜோடி.

புது மேனேஜர் வந்தார். வந்த வாரமே, "ஒரு மிஷினுக்கு எதற்கு இரண்டு பேர்? வேகமான ஆளை வைத்துக்கொண்டு மந்தமான ஆளை அனுப்புங்கள்" என்றார். கணக்கப்பிள்ளை கையைப் பிசைந்தார். "ஜோடிக்குத்தாங்க கணக்கு இருக்கு. ஆளுக்கு இல்லீங்க. இதுல யாரு வேகம், யாரு மந்தம்னு பிரிக்க ஏலாதுங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாயில் யாராவது அள்ளி மண்ணைப் போட்டிருக்கலாம்.

"பிரிக்கலாம் சார்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர், கணக்கப்பிள்ளை, மேஸ்திரி. எனக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறியது. ஜோடியில் ஒருத்தி லீவு போட்ட அன்றைக்கு மற்றவள் தனியாக எவ்வளவு நேரத்தில் ஒரு பெட்டியை முடித்தாள் என்பது பேரேட்டில் இருக்கிறது. ஜோடியின் பங்கிலிருந்து அவள் பங்கைக் கழித்தால் மிச்சம் லீவு போட்டவளின் பங்கு. அவ்வளவுதானே? சுண்ணாம்புக்கட்டியை எடுத்துச் சுவரில் இருந்த கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றேன்.

எந்த மிஷினில் ஆரம்பிப்பது? ஏழாம் நம்பரில்தான். அங்கேதான் என் குற்றமெல்லாம் இருக்கிறது. ரீலிங்கிலேயே நீங்கள்தான் கெட்டிக்காரி என்று நான் நம்பினேன். வீட்டில் நீங்கள் வேலை செய்கிற வேகத்தைப் பார்த்துப் பார்த்து அப்படி ஒரு நம்பிக்கை. மேனேஜருக்கு முன்னால் உங்கள் பேருக்கு நேரே நல்ல எண்ணாக வரும், உங்களைக் கூப்பிட்டுப் பாராட்டுவார் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன், மதினி. நம்புவீர்களா?

நீங்களும் கெங்கம்மாவும் சேர்ந்தால் ஒரு பெட்டிக்கு ஐந்து மணி நேரம். அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு முந்தின மாதம் நீங்கள் மூன்று நாள் லீவு போட்டிருந்தீர்கள். அந்த மூன்று நாளும் கெங்கம்மா தனியாக ஒரு பெட்டியை ஆறு மணி நேரத்தில் முடித்ததாகப் பேரேடு சொன்னது. ஒரு மணி நேரத்தில் ஆறில் ஒரு பங்கு. ஐந்தில் ஒன்றிலிருந்து ஆறில் ஒன்றைக் கழித்தேன்.

முப்பதில் ஒன்று.

அதாவது, நீங்கள் தனியாக ஒரு பெட்டியை முடிக்க முப்பது மணி நேரம். கெங்கம்மாவுக்கு ஆறு, உங்களுக்கு முப்பது.

"தப்பா இருக்கும் சார், திரும்பப் போடுதேன்" என்று அழித்துவிட்டுப் போட்டேன். அதேதான் வந்தது. கணக்கப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, "சரியாத்தாங்க இருக்கு" என்றார். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் என் மனசுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. ஒரு நொடிதான். ஆனால் ஓடியது. இதை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

அந்த மூன்று நாள் லீவு எதற்கு? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வன்னியம்பட்டிக்குப் போகிறேன் என்றீர்கள். நீங்கள் போனது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு. மாதக்கணக்காக இருமலை முந்தானையில் அமுக்கி வைத்திருந்திருக்கிறீர்கள். ஏனென்றால் அடுத்த வாரம் என்னைப் பெண் பார்க்க ஒரு வாத்தியார் வீட்டிலிருந்து வருவதாக இருந்தார்கள். வீட்டில் காச நோய் என்று தெரிந்தால் வாசல்படி ஏறுவார்களா? பிறகு தெரிந்தது. ஏறவில்லை. அந்த வாத்தியாருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். போகட்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கரும்பலகையில் கணக்குப் போட்ட அன்று சாயங்காலம் நானே வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். முழுவதையும் கேட்டீர்கள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"கணக்கு சரிதான, தாயி?"

"சரிதான் மதினி. ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன்."

"அப்பச் சரி. கையக் கழுவிட்டு வா, சாப்பிடுவோம்."

நானும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் மில் கேட்டில் வைத்தே மேஸ்திரி உங்களைத் திருப்பி அனுப்பினார். "வாங்க, முப்பது மணிக்காரி" என்றாராம். அந்தப் பேர் வளவு வரைக்கும் வந்தது. கணக்கு நான் போட்டது என்று வளவுக்குத் தெரியாது. கணக்கப்பிள்ளை அதைத் தன் நோட்டில் எழுதி, தான் கண்டுபிடித்த மாதிரி வைத்துக்கொண்டார். அந்த மாதத்துக்குள் இன்னும் நாலு பெண்களை அந்த வழியில் அனுப்பினார். நான் அதற்கும் வாயைத் திறக்கவில்லை. எட்டு மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். டாக்டர் பாலும் முட்டையும் சாப்பிடச் சொன்னார். சண்டைக் காலத்தில், வேலை போன வீட்டில், பாலும் முட்டையும்!

இந்த நாலு வருஷமும் நான் என்ன நினைத்துக்கொண்டு இருந்தேன் தெரியுமா? பாவம் மதினி, உடம்புக்கு முடியாமல் கெங்கம்மாவின் உழைப்பில் நின்றிருக்கிறாள், என்ன செய்வாள் என்று நினைத்தேன். உங்களை மன்னித்து வைத்திருந்தேன். நான், உங்களை! சீ, என்ன பிறவி நான்.

அண்ணன் கெங்கம்மாவை வைத மறுநாள், வியாழக்கிழமை, வேலை முடிந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக அவள் என்னோடு பேசியதில்லை. தெலுங்குக்காரி, தமிழ் வெடுக்வெடுக்கென்று வரும்; பெண்ணே என்பதற்கு 'அம்மாயி' என்பாள்.

"என்ன அம்மாயி? ஒங்கண்ணன் விட்ட மிச்சத்தை வஞ்சுட்டுப் போக வந்தியா?"

"அக்கா, அண்ணன்ட்ட நான் உண்மையச் சொல்லப்போறேன்."

"என்னத்தச் சொல்லுவ?"

"கணக்குப் போட்டது நான்தான்னு சொல்லுவேன். நீங்க வேகமா ஓட்டுனது ஒங்க தப்பு இல்லைன்னு சொல்லுவேன்."

கீரைத்தண்டைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. "நான் வேகமா ஓட்டுனேனா? எட்டாப்புப் படிச்ச மகராசி, ஒத்த மனுசி ஒரு பெட்டிய ஆறு மணி நேரத்துல முடிக்க ஏலுமா? அந்த மிஷின் பக்கத்துல ஒரு நாளாச்சும் வந்து நின்னிருக்கியா நீ?"

இல்லை. ஆபீசுக்கும் ரீலிங்குக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நான் அந்தச் சுவரைத் தாண்டிப் போனதில்லை. பஞ்சுத் தூசி சேலையில் ஒட்டும் என்று.

கெங்கம்மா சொன்னாள். ஜோடியில் ஒருத்தி லீவு போட்டு, அன்றைக்குப் பெட்டி குறைந்தால், வராதவள் பேரை அடித்துவிடுவார்களாம். அதனால் ரீலிங்கில் ஒரு வழக்கம். யார் வரவில்லையோ அவள் மிஷினுக்குப் பக்கத்து மிஷின்காரிகள் வந்து கை கொடுப்பார்கள். மேஸ்திரி வெற்றிலை போடப் போகிற நேரம், கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற நேரம், ஓடி வந்து நாலு முடிச்சுப் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஒரு மிஷினை விட்டு அடுத்த மிஷினுக்குப் போனால் வேலை போய்விடும் என்பது சட்டம். தெரிந்தேதான் செய்தார்கள். உங்களுடைய அந்த மூன்று நாளும் ஆறு பேர் மாறி மாறி வந்திருக்கிறார்கள். அவர்கள் பேரைக் கெங்கம்மா என்னிடம் சொன்னாள். நான் இங்கே எழுதமாட்டேன். அவர்களில் நாலு பேர் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

"ஞானப்பூன்னா எல்லாருக்கும் உசுரு. அதான் எல்லாரும் வந்தாக. மூணு நாளும் சோறு திங்கக்கூட நான் நகரல. அவ பேரு நிக்கணும்னுதான் அம்புட்டுப் பாடும். அந்தப் பாடே அவளுக்கு எமனா வந்து நின்னுச்சு. ஒன் கைல சுண்ணாம்பக் குடுத்து."

புரிகிறதா, மதினி? பேரேட்டில் கெங்கம்மா என்று ஒரு பேர்தான் இருந்தது. அந்தப் பேருக்குள் ஏழு பெண்கள் இருந்தார்கள். ஏழு பேர் செய்ததை ஒருத்தி செய்ததாக எடுத்துக்கொண்டு நான் கழித்தேன். யார்மேல் ரீலிங்குக்குப் பிரியம் அதிகமோ, அவள் லீவில் அதிகம் பேர் கை கொடுப்பார்கள். அவள்தான் எல்லாரையும்விட மந்தம் என்று என் கணக்கு சொல்லும். உங்களுக்குப் பின்னால் போன நாலு பெண்களும் அப்படித்தான் போயிருப்பார்கள்.

"நெசமா தனியா ஓட்டுனா ஒங்களுக்கு எம்புட்டு நேரம் ஆகும் அக்கா?" என்று கேட்டேன்.

"பத்து மணி நேரம். காலையில சங்கு ஊதுறப்ப ஆரம்பிச்சா சாயங்காலச் சங்குலதான் முடியும். இப்ப தெனம் அப்படித்தான ஓட்டுதேன்?"

அங்கேயே, அவள் வாசலில் நின்றுகொண்டே போட்டேன். பலகை தேவைப்படவில்லை. ஐந்தில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்று போனால் பத்தில் ஒன்று. உங்களுக்கும் பத்து மணி நேரம். கெங்கம்மாவுக்கு எவ்வளவோ உங்களுக்கும் அவ்வளவு. நெஞ்சில் நோயை வைத்துக்கொண்டு, இருமலை அமுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியிலும் சரிபாதியை நீங்கள் சுற்றியிருக்கிறீர்கள். ஒரு இழைகூட ஓசி இல்லை.

கணக்கு தப்பு, மதினி. நீங்கள் கேட்டீர்களே, சரிதானா என்று. தப்பு.

"மதினிக்கு இது தெரியுமா அக்கா?"

"தெரியாமலா? அந்த வழக்கத்தைக் கொண்டாந்ததே அவதான். கேட்டுல வச்சு மேஸ்திரி அந்தப் பேரைச் சொன்னப்ப நான் வாயத் தொறந்தேன். அவ என் கையப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்துனா. நீ சொன்னா ஏழு பேரும் வெளிய போவீக, நான் எப்படியும் ரெண்டு மாசத்துல படுக்கப்போறவதானன்னா."

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாகளா?"

கெங்கம்மா இன்னொரு கீரைத்தண்டை எடுத்து உருவினாள். பிறகு சொன்னாள். "கணக்கு தப்புன்னு பாக்கியத்துக்குத் தெரிய வேண்டாம்னா. தெரிஞ்சா அந்தப் புள்ள வேலையத் தூக்கிப் போட்டுட்டு வந்துரும், என் மகளுக்குக் கஞ்சி ஊத்த ஒருத்தி வேணுமேன்னா. அதான் நான் பொறுத்துக்கிட்டு இருந்தேன். அவளுக்காக. ஒனக்காகன்னு நெனச்சுக்கிடாத."

"இனி பொறுக்க வேண்டாம் அக்கா. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் சொல்லிருதேன்."

"சொல்லி? ஒங்கண்ணன் ஒன்னய வீட்டுல வச்சுக்கிடுவானா? போ அம்மாயி. சாலு, போதும், எனக்குப் பழகிருச்சு" என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பழகிவிட்டதாம். எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை, உங்கள்மேல்தான். அன்றைக்கு முறத்தை என் தலையில் போட்டு உடைத்திருக்க வேண்டாமா? "ஏட்டி, தப்பாக் கணக்குப் போட்டுட்டு வந்து நிக்கியே" என்று கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டாமா? என் கெட்டிக்காரத்தனத்தை நான் கட்டிக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்களே. அது பிரியமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் மகளை வளவுப் பிள்ளைகள் "முப்பது மணிக்காரி மக" என்று கூப்பிடுகிறார்கள். அதையும் நினைத்துப் பார்த்தீர்களா?

உங்கள் பேச்சை நான் தட்டப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பேன்.

*

இது திங்கட்கிழமை எழுதுவது.

வாசித்துவிட்டேன். பூசை முடிந்து வந்த வெள்ளைச் சேலையோடு பெண்கள் எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். வரமாட்டேன் என்ற கெங்கம்மாவும் வந்து கிணற்றடியில் நின்றாள். நடுவில் எங்கேயும் நிறுத்தாமல் வாசித்தேன். கரும்பலகை இடம் வந்தபோது அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

வாசித்து முடித்தேன். பிறகு அண்ணன் எழுந்து கிணற்றடிக்குப் போய்க் கெங்கம்மாவுக்கு முன்னால் கையைக் கூப்பினார். அவள், "சாலு சாலு, போய்ச் சாப்பிடப்பா" என்றாள். அவர் என்னை அடிக்கவில்லை. வெளியே போ என்று சொல்லவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருந்தால் ரோசுவைப் பார்த்துச் சொல்கிறார். "ரோசு, ஒங்கத்தைய வெளக்குக்கு எண்ணெய் ஊத்தச் சொல்லு" என்கிறார்.

இன்றைக்கு நான் மறுபடியும் அதே நாற்காலியில்தான் போய் உட்கார்ந்தேன். அண்ணனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ரோசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாரும் கலைந்த பிறகு அவள் என் முன்னால் வந்து நின்றாள். உங்கள் நெற்றி, உங்கள் வாய்.

"அப்ப எங்கம்மா சோம்பேறி இல்லையா அத்தை?"

"இல்லட்டி."

"ஒனக்கு இம்புட்டு நாளாத் தெரியாதா?"

கேட்டுவிட்டு ரோசு சீப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இத்தனை வருஷம் அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். கெங்கம்மா வீட்டு வாசலுக்குப் போய், தலை பின்னிக்கொள்ள அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். இன்று காலையிலும் அங்கேதான் போனாள்.

நான் கூப்பிடமாட்டேன், மதினி. கோபித்துக்கொள்ளவும் மாட்டேன். இது சத்தியம். அவளுக்குச் சோறு பொங்குவேன், துணி துவைப்பேன், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன். எங்கம்மா எப்படி வேலை செய்வாங்க என்று அவள் ஒரு நாள் என்னிடம் கேட்டால், கெங்கம்மாவிடம் கேள் என்றுதான் சொல்வேன். எனக்குத் தெரியாது. உங்களோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தேன், ஒரே மில்லுக்குப் போனேன், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அந்த மிஷினுக்கு முன்னால் நின்றதை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
உங்களை மதினி என்று கூப்பிட உரிமையில்லாமல் போன
உங்கள் நாத்தனார்,
பாக்கியம்